வண்ணம்

நித்திரவிளை ஜங்ஷனில் என் கடை.
கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள்,
எல்லாமே ஆறுக்கு நாலு ஃப்ளெக்ஸ்.
வருகிறவர்கள் உட்காரும் முன்பே சொல்வது:
"கொஞ்சம் வெளுப்பிச்சு விடு, தம்பி."
செத்தவரையும் வெளுப்பித்திருக்கிறேன்.
ஐம்பது வருஷம் கட்டுமரத்தில் காய்ந்த ஒருவரின் மகள்கள்
பெட்டிக்கும் ஃப்ளெக்ஸுக்கும் நடுவில்
ஒரு நொடி திகைத்து நின்றார்கள்.

எனக்குப் பெண் பார்க்கக் கொடுத்த படத்திலும்
ஏழு புள்ளி ஏற்றினேன்.
மீசைக்கு மேல் இன்னொரு மீசை வைத்தேன்.

தூத்தூர் செவன்ஸுக்காக
பிளேவியன் அண்ணன் ஒரு படத்தோடு வந்தார்.
கானாக்காரன், ஸ்டாப்பர் பேக்,
ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டிவருகிறார்கள்.
படத்தில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.
"சிரிப்பு வேண்டாம்டே. பாத்தா பயம் வரணும்."
வேறொரு படத்திலிருந்து மூடிய வாய் எடுத்தேன்.
"கைக்கு வண்ணம் வையி."
எங்கள் ஊரில் வண்ணம் நிறமல்ல, பருமன்.
"கண்ணுல கொஞ்சம் சுவப்பு. ஆளு இன்னும் கறுக்கட்டு."
அதே ஸ்லைடர்தான்.
என்னை வலப்பக்கம் இழுத்த விரல்
அவனை இடப்பக்கம் இழுத்தது.

மேலே எழுத்து: ஆப்பிரிக்கப் புயல்.
ரேடியோவில் அந்தச் சொல் வந்தாலே
பெண்கள் எழுந்து போகிற கரை அது.
அப்போது எனக்கு உறைக்கவில்லை.
சிவப்புக்கு வெள்ளை விளிம்பு கொடுத்தேன்,
எடுப்பாக இருந்தது.

ஆட்டத்துக்கு முந்தின நாள் கடைக்கு வந்தான்.
கண்ணாடி போட்டிருந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான்.
விசாவுக்குப் பாஸ்போர்ட் படம் வேண்டும்.
பெயர் எபெனேசர் அட்டா.
அட்டா என்றால் இரட்டையில் ஒன்று,
மற்றது நர்ஸாக இருக்கிறாள் என்று போனில் காட்டினான்.
கடலில் இறங்கினாயா என்றேன்.
பயம் என்றான், சின்னதில் ஒரு தடவை முங்கினானாம்.

என் விளக்கு அவனுக்குச் சரிப்படவில்லை.
முதல் படத்தில் இரண்டு கண்ணும் ஒரு சட்டையும்தான் விழுந்தன.
பதினாறு வருஷமாக
யாருக்கு வெளிச்சம் வைத்திருக்கிறேன்?
விளக்கை இறக்கினேன், தெர்மோகோல் பிடித்தேன்.
நாலாவதில் கன்னம் வந்தது,
கன்னத்தில் ஒரு பழைய தழும்பும்.
சிரித்தான்.
"சிரிக்கக் கூடாது, கவர்மென்ட் ரூல்" என்றேன்.
பழகினவன் போல வாயை மூடினான்.

வெளியே போனவன் எதிரே கட்டியிருந்த ஃப்ளெக்ஸை
அண்ணாந்து பார்த்தான்.
யார் அது என்று கேட்டான்.
சில்லறை இல்லை என்றேன் நான்.

இருபத்துமூன்றாம் நிமிடம், முட்டி மடங்கி விழுந்தான்.
கேலரி சிரித்தது.
"எழும்புடே, ஒனக்கெல்லாம் நோவுமா?"
மார்த்தாண்டத்திலிருந்து வந்த மைக்காரன் சொன்னான்:
புயல் கரையைக் கடக்கிறது.
மீன்பெட்டி ஐஸைத் துவர்த்தில் பொதிந்து ஒருவர் ஓடினார்.
அவன் அழுதான்,
யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டு.
"இந்த உடம்ப வச்சிட்டு அழுவான், பாரு."
என் பக்கத்தில் நின்றவர் கடலுக்கு மகனைக் கொடுத்தவர்,
அன்றைக்கும் கண் நனையாத ஆள் என்று
ஊர் மெச்சியவர்.
அவர் மட்டும் முகத்தைத் திருப்பி என்னிடம் தீப்பெட்டி கேட்டார்.
மூன்று குச்சி உரசியும் பீடி பற்றவில்லை.

பேசின காசில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள்.

எட்டுப் படத்தில் ஆறு கொண்டுபோனான்.
மீதி இரண்டு என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கின்றன,
பில் புத்தகம் பாதி மறைக்க.

நேற்று பிளேவியன் அண்ணன் வந்தார்.
"இந்த வருஷம் வேற ஒருத்தன்.
பழைய ஃபைல் கிடக்கா? தலைய மட்டும் மாத்து."
அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
கிடக்கு என்றேன்.

திறந்தேன்.
சேமித்து மூடின கோப்பில்
பின்னோக்கிப் போகும் பொத்தான் சாம்பலாக இருக்கும்.
அது எனக்குத் தெரியும்.
இருந்தும் அழுத்திப் பார்த்தேன்.